உப்புக் காற்றில் ஒரு சிடி 100

கேள்வி: பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100 ஒன்று மலிவாக வருகிறது. கையில் இருக்கும் காசுக்குள் புதுசாக்கி, சைலன்சரையும் மாற்றி, ஸ்டைலாக்கலாமா?
– வாசகர், அபெர்தீன் பஜார், போர்ட் பிளேர்

பதில்: தாராளமாக. ஆனால் பளபள பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். உப்புக் காற்று அதற்கு அடியில்தான் குடித்தனம் நடத்தும். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால், அது கார்புரேட்டருக்கும் போயிருக்கும். பிறகு சீட்டைக் கழற்றி, சேஸிஸைச் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். 'டங்' என்றால் பேரம் பேசலாம். 'பொத்' என்றால் விற்பவருக்கு ஒரு கும்பிடு!

எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். 1985-ல் வந்த 97 சிசி ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல் போட்டு மூடிவிட்டு மறந்துவிடு என்று விளம்பரமே செய்தார்கள். பலர் ஆயில் மாற்றுவதையும் சேர்த்து மறந்தார்கள், அது வேறு கதை.

தேவையான பார்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதி, சென்னையிலிருந்து ஒரே தடவையில் வரவழையுங்கள். கப்பல் ஏறினாலே ஏறக்குறைய மூன்று நாள். ஒரு வாஷர் மறந்தால் மறுபடியும் கடலைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். காசு முதலில் பிரேக், டயர், செயினுக்கு. மிஞ்சினால் ஸ்டிக்கர்.

சைலன்சர் ஆசையை விட்டுவிடுங்கள். அலறும் சைலன்சருக்கு அபராதம் உண்டு. 15 வருஷம் தாண்டிய வண்டி என்பதால், ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.