ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருப்பது ஒண்டுக்குடித்தனம்தான். 2024 ஆகஸ்டில் விண்டோஸுக்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. இரண்டும் இருக்கும் கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுத்திருந்தது. தொட்டது. பலருக்கு லினக்ஸ் எழவேயில்லை. கறுப்புத் திரையில், ‘ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது’ என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. சில நொடிகளில் மெஷினே அணைந்துவிடும். யார் செய்தது? மூச்! (பெரிய இடத்து விவகாரம் பாருங்கள்.)

வைத்தியம் இன்னும் விசேஷம். பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டின் கோளாறைத் தீர்க்க, முதலில் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பையே அணைக்க வேண்டும். அப்புறம் உபுண்டு போன்ற லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, mokutil என்கிற கட்டளையால் அப்டேட் போட்ட புதுக் கட்டுப்பாட்டை அழித்து, ரீஸ்டார்ட் செய்து, பூட்டை மறுபடி போட வேண்டும். மைக்ரோசாஃப்ட் முழுசாகச் சரிசெய்தது 2025 மே மாதம்.