மூன்றில் இரண்டை முறியடிப்பது எப்படி?

தமிழ்நாட்டின் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-இல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. பதற்றம் வேண்டாம். 1994-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் 30 வருஷம் குடித்தனம் நடத்தியவர் நீங்கள். கைவசம் இருக்கும் திறமையைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டால் போதும்.

1. சட்டம் கைக்கு வந்ததும் ஃபார்வர்ட் செய்யுங்கள்.

திறந்து மட்டும் பார்த்துவிடாதீர்கள். இரவு 11 மணிக்கு 'அனைவரும் அவசியம் படிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். நான்கு பேர் கும்பிடு போடுவார்கள். மூன்றாம் மாடிக்காரர் தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்பார். உங்கள் கட்டடத்தைப் பொறுத்தவரை விவாதம் முடிந்தது.

2. 'நம்மகிட்டதான் ஏற்கெனவே சங்கம் இருக்கே!' என்று சொல்லுங்கள்.

உரிமையாளர்கள் சங்கம் அமைத்துப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது புதுச் சட்டம். உங்களுடையது 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. அந்தச் சான்றிதழ், ஃபிளாட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்ட முதல் செகரட்டரியின் பரணில் இருக்கிறது. கேட்டு வாங்காதீர்கள், அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

அந்த 1975 சட்டப்படி ஒரு நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் செகரட்டரிக்கு இது எட்டாவது வருஷம். அவர் கணக்கு சரியில்லை என்று எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆனால் கூட்டத்தில் அவர், "அடுத்து யாராவது எடுத்துக்கறீங்களா சார்?" என்று கேட்கும்போது செல்போனைப் பாருங்கள். அவசர அழைப்பு வந்ததுபோல் எழுந்து வெளியே போவது மேல்நிலைப் பயிற்சி.

3. பொதுக்குழுவுக்குத் தாமதமாகப் போங்கள்.

கூட்டம் பத்தரைக்கு என்றால் சமோசா பதினொன்றே முக்காலுக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. வந்ததும், நிறைவேறிய தீர்மானங்களை எல்லாம் முதலிலிருந்து விளக்கச் சொல்லுங்கள்.

4. கணக்கில் நுட்பமான கேள்வி கேளுங்கள்.

ஒருவரிடம் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் மெயின்டனன்ஸ் வசூலித்து, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பேச்சே வரும். உங்கள் கட்டடத்தில் வசூல் 2,500. ஆகவே கம்பீரமாக எழுந்து, "ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ணியாச்சா?" என்று கேளுங்கள். டிரஷரர் திணறுவார்.

அடுத்து, பொது மின் இணைப்பு. லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்கு மேற்படாத, பத்து வீடுகளுக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு 2023-இல் யூனிட் கட்டணத்தை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடத்தில் 12 வீடு. அரசு பத்தோடு நிறுத்திக்கொண்டது செகரட்டரியின் அலட்சியத்தால்தான் என்று நிலைநாட்டுங்கள்.

5. இப்போது முக்கியமான பாடம்: கட்டடத்தை இடிக்க விடாதீர்கள்.

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட இதுவரை எல்லோருடைய சம்மதமும் வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் முறைத்துக்கொண்டால் போதும், மற்ற 11 குடும்பங்களும் ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு எளிமையான ஏற்பாடு! அதைப் புதுச் சட்டம் கெடுத்துவிட்டது. இனி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். 12 வீட்டில் எட்டுக் கையெழுத்து. தனியாளாகச் சாதித்துவந்த உங்களுக்கு இனி துணைக்கு நான்கு பேர் தேவை. அரசு உங்களை அக்கம்பக்கத்தாரோடு பேச வைத்துவிட்டது. பேசுங்கள்.

கீழ்த்தளத்து மாமியிடம் முதலில் போங்கள். "புதுசா கட்டினா கீழே முழுக்கக் கார் நிறுத்தத்தான் மாமி, உங்களை நாலாவது மாடிக்கு அனுப்பிடுவாங்க. கரன்ட் போனா லிஃப்ட் நிக்குமே" என்று சொல்லிவிட்டு, அவர் தரும் காபியைக் குடியுங்கள். முட்டிவலிக்காரர், வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் உரிமையாளரை அங்கே ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுங்கள். "பவர் ஆஃப் அட்டர்னி மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க சார், ஊர் முன்ன மாதிரி இல்லை." அவரும் ஒப்புக்கொள்வார். அவர் ஊரை விட்டே 20 வருஷம் ஆகிறது.

ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்காரரிடம் அவருடைய யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் அவருக்குள்ள பிரிபடாத பங்கு, எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். தெரியாது என்பார். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "பத்திரத்தை எடுத்துப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். அன்றிரவு அவர் தூங்க மாட்டார்.

நான்காவது ஆள் தானாகக் கிடைப்பார். இரண்டாம் மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அப்பா போன பிறகு ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று சகோதரர்கள். வாரிசுச் சான்றிதழே இன்னும் வாங்கவில்லை. இறைவன் உங்கள் பக்கம்.

6. பில்டர் வந்தால் மறுக்காதீர்கள்.

மறுப்பவரைச் சமாதானப்படுத்த எல்லோரும் வருவார்கள். 'கொள்கையளவில் சம்மதம்' என்பவரிடம் யாருக்கும் என்ன பேசுவது என்றே தெரியாது. 2019 கட்டட விதிகள் எஃப்.எஸ்.ஐ.யை 2 ஆக்கிவிட்டன, அதே மனையில் கூடுதலாகக் கட்டலாம், அதனால்தான் இவர் செலவே இல்லாமல் புது வீடு தருகிறேன் என்கிறார். இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு எதற்கு? எல்லோரையும்விட 50 சதுர அடி கூடக் கேளுங்கள். வாடகைப் பணத்தை இரண்டு வருஷத்துக்கு முன்கூட்டியே கேளுங்கள். இறங்கி வந்துவிட்டால், உங்கள் சகலைக்குத் தெரிந்த இன்னொரு பில்டர் இதைவிட நன்றாகத் தருவதாகச் சொல்லுங்கள். அந்த பில்டரைக் கண்ணில் காட்ட வேண்டாம்.

7. இன்ஜினியர் அறிக்கையை நம்பாதீர்கள்.

திருவான்மியூர் உப்புக்காற்றில் 35 வருஷம் நின்ற கட்டடம். சன்ஷேடின் அடியில் சிமென்ட் உதிர்ந்து, துருவேறிய கம்பி உப்பி, பட்டை பட்டையாக உரிந்து தொங்குகிறது. விரலால் தட்டினால் செம்மண் மாதிரி கொட்டும். 'ஆபத்தான நிலை' என்று எழுதிய இன்ஜினியரை பில்டரின் ஆள் என்று சொல்லுங்கள். இரண்டாவதாக வந்தவரும் அதையே எழுதினால் அவருடைய ஃபீஸ் அதிகம் என்று ஆட்சேபம் தெரிவியுங்கள். மூன்றாவது ஆளைக் கூப்பிடுவதற்குள் பொங்கல் வந்துவிடும். வெளிப்பூச்சுக்கு நல்ல கிரீம் கலரைச் சிபாரிசு செய்யுங்கள்.

8. சன்ஷேடு என்றாவது விழும். தயாராக இருங்கள்.

விடியற்காலையில் விழுந்தால் ஆள் தப்பும், கார் தப்பாது. அது உங்கள் காராக இருந்தால் வாட்ச்மேனைக் கூட்ட விடாதீர்கள். நான்கு கோணத்தில் படம் எடுத்துக் குழுவில் போட்டு, செகரட்டரியை டேக் செய்து, 'இதற்கு யார் பொறுப்பு???' என்று எழுதுங்கள். கேள்விக்குறி மூன்றுக்குக் குறையக் கூடாது. அந்த மாத மெயின்டனன்ஸையும் நிறுத்தி வையுங்கள்.