இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகு

1980-களில் சென்னை மவுண்ட் ரோட்டின் ராத்திரி, இரண்டாம் ஆட்டம் விட்ட பிறகுதான் களைகட்டும். தேவி, சாந்தி, ஆனந்த், சஃபையர் என்று ஒவ்வொரு தியேட்டரும் மணி ஒன்றை நெருங்கும்போது தன் கூட்டத்தைத் தெருவில் இறக்கிவிடும். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்ட தாய்மார்கள், சைக்கிளில் டபுள்ஸ் போகிறவர்கள், வண்ணாரப்பேட்டைக்கு நடந்தே கிளம்பும் இளவட்டங்கள், எல்லாரும் சண்டைக் காட்சியைப் பேசிக்கொண்டே கலைவார்கள். ஒரு நாளிதழில் புரூஃப் ரீடராக இருந்த எனக்கும் அந்த நேரத்தில்தான் வேலை முடியும். நகரப் பதிப்பு மெஷினுக்குப் போனதும் இறங்கி, அந்தக் கூட்டத்தோடு கலந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கு நடப்பேன்.

வாலாஜா சாலை முனையில் ஒரு கையேந்தி பவன். கியாஸ் விளக்கின் உஸ்ஸென்ற சத்தத்துக்கும் மேலே கொத்து புரோட்டாவின் தாளம் கேட்கும். அந்த அண்ணன் முட்டையை ஒற்றைக் கையால் கல்லின் விளிம்பில் தட்டி உடைப்பார். ஓடு மட்டும் கையில் நிற்கும். அலுமினியத் தட்டின்மேல் கிழித்த வாழையிலை, அதன்மேல் புரோட்டா, அதன்மேல் கேட்காமலே இரண்டாவது கரண்டி சால்னா. “சாப்புடு தம்பி, ராத்திரி முழிக்கிறவன் வயிறு காயக்கூடாது” என்பார். ஆட்டோக்காரர், ஆஸ்பத்திரி வார்டுபாய், தியேட்டர் டிக்கெட் கிழிப்பவர் எல்லாரும் அந்த வெளிச்சத்தில் தோளோடு தோள் நின்று சாப்பிட்டோம். காசில்லாதவனுக்கும் ராத்திரி திறந்திருந்த ஊர் இது. அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வார விடுமுறைக்கு முந்தைய இரவுகளில் பாரிமுனைப் பக்கம் போய்விடுவேன். வெளியூர் பஸ்கள் அப்போது அங்கிருந்துதான் கிளம்பும். தகரப் பெட்டியோடும் மூட்டையோடும் உட்கார்ந்திருக்கும் சனங்களுக்காகவே விடிய விடிய டீக்கடைகள் திறந்திருக்கும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் கொத்தவால் சாவடி சந்தை. லாரி நுழையும்போது சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய சந்துகள். கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “ஓரம், ஓரம்” என்று குரல் கொடுத்தபடி ஓடும் மூட்டைத் தொழிலாளிகள். கொத்தமல்லியும் அழுகிய தக்காளியும் மாட்டுச் சாணமும் கலந்த ஒரு வாசனை. அந்த நெரிசல் தாங்காமல்தான் 1996-ல் சந்தையைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது சரியான முடிவு. அந்தச் சந்துகளில் முதுகொடிந்தவர்களைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஆனால் சந்தை போன வழியிலேயே இந்த ஊரின் ராத்திரியும் கிளம்பிவிட்டது. 2002-ல் வெளியூர் பஸ்களும் கோயம்பேட்டுக்குப் போயின. அதற்கு இரண்டு வருஷம் முன்பே தரமணியில் டைடல் பார்க் திறந்து, ராத்திரி வேலை பழைய மகாபலிபுரம் சாலைக்கு நகரத் தொடங்கியிருந்தது. 2023 டிசம்பர் கடைசியில் வண்டலூருக்கும் அப்பால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. தெற்கே போகிற பஸ்கள் அங்கே போனதும், கோயம்பேட்டில் பயணிகளை நம்பியிருந்த டிபன் கடைகளுக்கும் பாதி ராத்திரி போயிற்று. விழித்திருக்கும் இடமெல்லாம் ஊரின் ஓரத்துக்கு நகர, நடு ஊர் இருட்டிக்கொண்டே வந்தது. சஃபையர் இல்லை, ஆனந்த் இல்லை. சாந்தி 2016-ல் மூடியது. தேவி இருக்கிறது. ஆனால் படம் விட்டால் கூட்டம் தெருவுக்கு வருவதில்லை. வாசலிலேயே செயலியில் வண்டி பிடித்து ஏறிவிடுகிறது. இன்று மணி பன்னிரண்டுக்கு மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்றால், சிக்னல் மட்டும் யாருக்காகவோ நிறம் மாறிக்கொண்டிருக்கிறது.

எல்லாப் பேட்டையும் அப்படி அடங்கிவிடவில்லை. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் இருட்டிய பிறகும் பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டுகிறது. ஏடு மிதக்கும் அந்தப் பாலுக்கு இன்னும் கூட்டம் நிற்கிறது. ரமலான் மாதத்தில் திருவல்லிக்கேணி பெரிய மசூதியைச் சுற்றிய தெருக்கள் சஹர் வரை தூங்குவதில்லை. வியாசர்பாடியில் தெருவிளக்கின் கீழ் கேரம் போர்டு சத்தம் கேட்கிறது. காசிமேட்டில் விடிவதற்கு வெகுமுன்பே ஏலம் தொடங்கிவிடும். ஜூன் மத்தியில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பியதும் அங்கே கால்வைக்க இடமிருக்காது.

கோயம்பேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னிரவில் பூ மார்க்கெட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஓசூர் ரோஜா கட்டுக்கட்டாக நியூஸ்பேப்பரில் சுருட்டி இறங்குகிறது. மல்லிகை மூட்டையை அவிழ்த்ததும் உள்ளேயிருந்து சூடு ஆவியாக முகத்தில் அடிக்கிறது. மொட்டு மலர்ந்துவிட்டால் விலை விழும் என்பதால் ஈரக் கோணியை மூடி மூடித் திறக்கிறார்கள். சில்லறை வியாபாரத்துக்காகப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். பெரம்பூரிலிருந்து வரும் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “இந்த நேரத்துல வர்றதுக்குப் பயமா இல்லையாக்கா?” என்றேன். “மார்க்கெட்டுக்குள்ள என்னா பயம்? இங்க லைட்டு இருக்கு, ஜனம் இருக்கு. வீட்லேந்து மெயின் ரோடு வர்ற வரைக்கும்தான் சாமியைக் கும்பிட்டுக்கினு வருவேன்” என்றார். ராத்திரிப் பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2019-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம். 2022-ல் அது நீட்டிக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாத காலத்தில் விடிய விடிய விழித்திருந்த ஊர், அனுமதி கையில் இருக்கும்போது பதினொன்றரைக்கு ஷட்டரை இறக்குகிறது. அடுப்பை அணைக்கச் சொல்லி ரோந்து வண்டி ஹாரன் அடிக்கிறது என்ற குறையை ஓட்டல் நடத்துகிறவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். தள்ளுவண்டிக்காரரோ அந்த ஆணையின் கணக்கிலேயே வருவதில்லை. அவரிடம் பத்து ஆள் கிடையாது. அவரும் அவர் மனைவியும்தான்.

என் தங்கை மகள் சோழிங்கநல்லூரில் ராத்திரி ஷிப்ட் வேலை பார்க்கிறாள். “எங்களுக்கு ராத்திரி ஒரு மணிக்குத்தான் லஞ்ச் பிரேக், மாமா” என்றாள்.

“வெளிய போய் ஏதாவது சாப்பிடுவியாம்மா?”

“வெளியில என்ன இருக்கு மாமா? கேட்டுக்குள்ள கேன்டீன். வேலை முடிஞ்சா கேப். கேப்லேந்து வீட்டு வாசல். இத்தனை வருஷத்துல அந்த ரோட்ல ராத்திரி நான் நடந்ததே இல்ல.”

நான் ராத்திரி வேலை பார்த்து இந்த ஊரைத் தெரிந்துகொண்டேன். அவளும் அதே ஊரில்தான் ராத்திரி வேலை பார்க்கிறாள். சம்பளம் எனக்குக் கிடைத்ததைப்போலப் பல மடங்கு. ஊர் அவளுக்குக் கண்ணாடி வழியாக மட்டும் தெரிகிறது. இதை முன்னேற்றம் என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. ராத்திரிக் கடைக்கு அனுமதி என்றால் அது தள்ளுவண்டிக்கும் சேர்த்து இருக்கட்டும். பேட்டைக்கு ஒரு தெருவையாவது விடிய விடிய வெளிச்சத்தோடு விடுங்கள். அங்கே பெண்கள் தயங்காமல் போகக்கூடிய ஒரு கழிப்பறை திறந்திருக்கட்டும். மெட்ரோ அடங்கிய பிறகு, பூ வாங்க வருகிறவர்களுக்கும் ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர்களுக்கும் நைட் சர்வீஸ் பஸ்ஸைக் கூட்டுங்கள். பெரம்பூர் அம்மாவின் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை இருக்கும் அந்த இருட்டுத் தெருவுக்கு முதலில் விளக்குப் போடுங்கள்.