முப்பது மில்லி காபி

எங்கள் வீட்டில் பெண்கள் செய்தவரை அதற்குப் பெயர் காபி போடுவது. என் கணவர் எஸ்பிரெஸோ மெஷின் வாங்கிய பிறகு அது ஆராய்ச்சியாகிவிட்டது.

மெஷின் வந்த கையோடு, கிட்டத்தட்ட அதே விலையில் ஒரு கிரைண்டரும் வந்தது. "மிக்ஸி இருக்கே?" என்றேன். மிக்ஸியில் அரைத்தால் பாதி ரவையாகவும் பாதி மைதாவாகவும் இருக்குமாம். தண்ணீர் ரவைப் பக்கமாகப் புகுந்து தப்பித்துவிடுமாம். நியாயம்தான், வாயை மூடிக்கொண்டேன். அடுத்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு வந்தது. அதில் எனக்கும் லாபம் இருந்தது. வளையலைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். நகைக்கடையில் சொன்ன எடை சரிதான்.

கணக்கு இப்படிப் போகிறது: 18 கிராம் தூள் போட்டால் ஏறக்குறைய 36 கிராம் காபி இறங்க வேண்டும், அதுவும் 25 முதல் 30 விநாடிக்குள். தண்ணீர் 90 டிகிரிக்குக் குறையவும் கூடாது, 96-ஐத் தாண்டவும் கூடாது. அழுத்தம் 9 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு. 15 விநாடியில் ஓடி வந்துவிட்டால் புளிக்கும். முக்கி முக்கி வந்தால் கசக்கும். இவர் கிரைண்டரை அரைப் புள்ளி திருகுவார், வாயில் வைப்பார், முகத்தைச் சுளிப்பார், சிங்க்கில் ஊற்றுவார். மறுபடி திருகுவார்.

"கொட்டை என்ன விலை விக்குது, சாக்கடைக்குக் குடுக்கிறியேப்பா!" என்பார் அத்தை.

அத்தை பித்தளை ஃபில்டர் பரம்பரை. அங்கே வேலை பார்ப்பது புவியீர்ப்பு விசை. அதற்குக் கரண்ட் வேண்டாம். டிகாஷன் இறங்க அடம்பிடித்தால் கரண்டியால் ஃபில்டர் தலையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான் ரிப்பேர். ஒருநாள் தூள் ரொம்ப நைஸாக அரைபட்டு மெஷின் அடைத்துக்கொண்டது. அத்தை கரண்டியோடு கிளம்பிவிட்டார். இவர் இரண்டு கையையும் விரித்து மெஷினுக்கு முன்னால் நின்றார்.

அவசரக்காரர்களுக்காகப் பிறந்த காபியாம் இது. 1884-ல் டூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலானின் லூயிஜி பெஸ்ஸெரா, கோப்பை கோப்பையாக உடனுக்குடன் தரும்படி அதை மாற்றினார். ஆனால் நீராவியால் அந்த 9 பார் அழுத்தத்தைத் தர முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கில்லே காஜியா நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்து அமுக்கியபோதுதான், வறுத்த கொட்டைக்குள் அடைந்திருந்த கரியமில வாயு எண்ணெயோடு கலந்து, பொன்னிற நுரையாக மேலே வந்து நின்றது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? மெஷின் நன்றாகச் சூடேற இருபது நிமிஷம் ஆகிறது. அதுவரை பேச்சுத் துணைக்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கப்புச்சினோ விஷயத்தில்தான் நிஜமான போர் மூண்டது. ஃபிரிட்ஜிலிருந்து பாக்கெட்டை எடுத்து, காய்ச்சாமலே குவளையில் ஊற்றினார். அத்தை பதறிவிட்டார். "பச்சைப் பாலாடா!" பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியதுதான் என்பது அவர் காதில் ஏறவில்லை, பொங்காத பால் அத்தை கணக்கில் பாலே இல்லை. நீராவிக் குழாயின் நுனியைப் பாலின் மேல்மட்டத்தில் வைத்து 'ஸ்ஸ்' என்று கொஞ்சம் காற்றைக் குடிக்கவிட்டு, பிறகு லேசாக அமிழ்த்தி பாலைச் சுழலவிட வேண்டும். 60, 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பும் நுரையின் வழவழப்பும் போய்விடும். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே ஓர் இலைகூட வரைந்து நீட்டினார்.

அத்தை ஒரு வாய் குடித்தார். "ருசி நல்லாத்தான் இருக்கு. சூடே இல்லையேப்பா." சொல்லிவிட்டு, இலையோடு சேர்த்துப் பால் பாத்திரத்தில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றினார். அன்று இவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கே வரவில்லை.

போன மாதம் இவருடைய சித்தப்பா வந்திருந்தார். குட்டிக் கோப்பையில் எஸ்பிரெஸோ கொடுத்தார் இவர். சித்தப்பா ஒரே மடக்கில் முடித்து, "ம், சாம்பிள் ஸ்ட்ராங்காத்தான் இருக்கு. காபியைக் கொண்டா" என்றார். கப்புச்சினோ வந்தது. சித்தப்பா கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கல்யாண மண்டப வாசலில் ஒரு மெஷின் சீறிக்கொண்டு நிற்குமே, இன்ஸ்டன்ட் தூளும் சர்க்கரையும் நுரையுமாக 'எக்ஸ்பிரஸோ' கொடுப்பார்களே, அது அவர் கண்ணில் இருந்திருக்க வேண்டும்.

"மேல சாக்லேட் பவுடர் தூவலையா?"

இவர் மோரியோண்டோவில் ஆரம்பித்தார். சித்தப்பா காஜியா வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, பவுடர் இருக்கா இல்லையா?" என்றார்.

இப்போது மெஷின் பக்கத்தில் கோக்கோ டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கிறது. விருந்தாளிகளுக்காக வாங்கியதாம். அப்புறம் அது வாராவாரம் ஏன் காலியாகிறது என்று கேட்டேன். இத்தாலியிலும் கப்புச்சினோ மேல் கோக்கோ தூவுவது உண்டு என்கிறார்.