சராசரி மனிதரும் நானும்

மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து விழும் ஓய்வூதியம் ஒன்றையே கதியென்று நம்பி ஜீவனம் நடத்துகிறவர்களைப் பற்றி, சொந்தத்தில் வியாபாரம் செய்து பிழைப்பவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், கடைத்தெருவில் ஜனங்கள் நடமாடினாலும் நடமாடாவிட்டாலும், எங்களுக்கு வருவது வந்துகொண்டேதான் இருக்கும் என்றும், ஆகையால் பூலோகத்தில் எங்களைக் காட்டிலும் பாக்கியசாலிகள் கிடையாது என்றும் அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நான் எந்தச் சபையிலும் மறுக்கத் தயாராக இல்லை. ஆனால், வருவது சித்திரை மாதத்து அரசலாறாகவும் போவது ஆடிப்பெருக்குக் காவிரியாகவும் இருக்கிற விசித்திரத்தை, இரண்டு நதிகளுக்கும் நடுவே கும்பகோணத்தில் இத்தனை வருஷங்கள் குடியிருந்தும், எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கினாலும் சரிக்கட்ட முடியவில்லை.

சர்க்கார் எங்களைக் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் அது அபாண்டம். விலைவாசி ஏறுவதற்குப் பரிகாரமாக அகவிலைப்படி என்ற ஒன்றை, ஜனவரியிலும் ஜூலையிலுமாக வருஷத்துக்கு இரண்டு தடவை, கூட்டிக் கொடுக்கிறார்கள். என் தகப்பனார் காலத்தில் அதற்குப் பஞ்சப்படி என்று பெயர். இந்தப் படியை எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்பதை நான் உத்தியோகத்தில் இருந்த நாளெல்லாம் விசாரித்ததில்லை; தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் மனுக்களுக்கு நடுவே அதற்கெல்லாம் அவகாசம் ஏது? ஓய்வு பெற்ற பிறகு, நேரம் ஒன்றுதான் விலை கொடுக்காமல் கிடைக்கிற சரக்கு என்று ஆகிவிட்டபடியால், அதை விஸ்தாரமாக விசாரித்தேன்.

சிம்லாவிலும் சண்டிகரிலுமாக இயங்கும் தொழிலாளர் புள்ளிவிவர நிலையம் ஒன்று, தேசத்திலுள்ள 88 தொழில் நகரங்களில் 317 சந்தைகளுக்கு ஆளனுப்பி, அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை என்று கேட்டுவந்து, எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி வகுத்து, மாதந்தோறும் ஒரு குறியீட்டு எண் போடுகிறது. அந்த 88 நகரங்களில் குன்னூர் இருக்கிறது, கும்பகோணம் இல்லை. ஆக, குன்னூர்த் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி குளிருக்குக் கம்பளி வாங்கினால் அது என் ஓய்வூதியத்தைப் பாதிக்கும். காவிரிக்கரைக் காய்கறிக் கடையில் நான் கத்தரிக்காய் வாங்கினால் பாதிக்காது. எனக்குக் குன்னூர்த் தொழிலாளியிடம் யாதொரு விரோதமும் கிடையாது. என் சார்பில் அவர் கொஞ்சம் விலை கூடின கடைகளாகப் பார்த்து வாங்கினால் தேவலை என்பது ஒன்றே என் விண்ணப்பம்.

இந்தக் கணக்குக்கு ஆதாரமாக ஒரு சராசரிக் குடும்பத்தை வைத்திருக்கிறார்கள். அது ஆலையிலோ, சுரங்கத்திலோ, தோட்டத்திலோ, துறைமுகத்திலோ, ரயில்வேயிலோ வேலை பார்க்கிற ஒருவருடைய குடும்பம். அந்தக் குடும்பம் நூறு ரூபாய் செலவழித்தால், சாப்பாட்டுக்கு 39 ரூபாய் 17 பைசாவும், வீட்டுக்கு 16 ரூபாய் 87 பைசாவும், துணிமணிக்கும் செருப்புக்கும் 6 ரூபாய் 8 பைசாவும், அடுப்புக்கும் விளக்குக்கும் ஐந்தரை ரூபாயும் ஆகிறதாம். இவ்வளவு தூரம் நான் வாசித்துக் காட்டியபோது என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்தபடியாக, வெற்றிலை, பாக்கு, புகையிலை, லாகிரி வஸ்துக்கள் ஆகியவற்றுக்கு 2 ரூபாய் 7 பைசா என்று நான் வாசித்ததும் கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நூத்துக்கு ரெண்டு ரூபாய்க்குப் புகையிலையும் சாராயமுமா? அந்தப் பணம் நமக்கு வருதா?"

"வருகிற கணக்கில் அதுவும் அடக்கம்."

"அப்போ அது எங்கே போகுது?"

நான் புகையிலையைத் தொட்டதில்லை. லாகிரி வஸ்து என்று எங்கள் வீட்டில் உண்டானால் அது காபி ஒன்றுதான். வெற்றிலையோ, புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையே காலடியில் விளைந்தும், நவராத்திரிக்கு வருகிற சுமங்கலிகளின் தாம்பூலத்தோடு சரி. இப்படியிருக்க, மாதாமாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வீதம் நான் எங்கேயோ ரகசியமாகச் செலவழித்து வருவதாக ஒரு சந்தேகத்தை, சிம்லாவிலே உட்கார்ந்திருக்கிற கணக்கர்கள் என் மனைவியின் உள்ளத்தில் விதைத்துவிட்டார்கள். கடைக்குப் போய்வருகிற என் சட்டையை அவள் இப்போது மூக்குக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்த்துத்தான் துவைக்கப் போடுகிறாள்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. படிக்கென்று கடைசியாகக் கிடைக்கிற சதவீதத்தில் தசமப் புள்ளிக்குப் பின்னால் எது இருந்தாலும் அதை உதிர்த்துவிட்டு முழு எண்ணைத்தான் கொடுப்பார்கள். சர்க்கார் கீழ்ப்பக்கம் முழுமையாக்குகிறது. கடைக்காரர் மேல்பக்கம் முழுமையாக்குகிறார். நாற்பத்தேழரை ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் நாற்பத்தெட்டு. ஐம்பதைக் கொடுத்தால் மீதி இரண்டுக்குச் சில்லறை இல்லையென்று இரண்டு மிட்டாய்களை எடுத்து நீட்டுகிறார். ஐம்பது காசு நாணயம் இன்றைக்கும் சட்டப்படி செல்லும் என்று அவரிடம் ஒரு நாள் வாதித்துப் பார்த்தேன். "செல்லும் சார், நீங்க கொண்டாங்க" என்றார். அந்த நாணயத்துக்கு நான் எங்கே போவேன்? சர்க்கரை வியாதிக்காரனான என் வீட்டு அலமாரியில் இந்த மிட்டாய்கள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

இதெல்லாம் போகட்டும். படி உயரப்போகிறது என்ற செய்தி பத்திரிகையில் வந்த தினத்தன்று ஊரார் காட்டும் உற்சாகத்தை நான் என்னவென்று வர்ணிப்பது! பால்காரர் முதல் வீட்டுக்காரர் வரையில், நாலு வருஷமாக என் க்ஷேமலாபங்களை விசாரித்திராதவர்கள்கூட, "டி.ஏ. ஏறியிருக்காமே சார்?" என்று முகமலர்ச்சியோடு கேட்கிறார்கள். பணம் என் கணக்கில் சேருவதற்குள் அதற்கான பங்காளிகள் பாகம் பிரித்து முடித்துவிடுகிறார்கள். கொரோனாக் காலத்தில் படி 17 சதவீதத்திலேயே நின்று, 2022-ஆம் வருஷம் ஜனவரியில்தான் 31 ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் என்னை ஒருவரும் குசலம் விசாரிக்கவில்லை. விலைகள் மட்டும் கேள்வி முறையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தன.

ஆகவே, சராசரி மனிதரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தீர்மானித்து, என் மனைவி சொந்தமாகச் சில உபாயங்களைக் கையாள ஆரம்பித்தாள். முதலில் காபி. 2024-ஆம் வருஷம் காபிப் பொடி விலை ஏறிக்கொண்டே போனபோது காரணம் கேட்டதற்கு, பிரேசிலில் மழை இல்லை, வியட்நாமிலும் இல்லை என்று கடைக்காரர் சொன்னார். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வந்ததா என்று கவலைப்பட்டுப் பழகிய எனக்கு, வியட்நாம் மழையைப் பற்றியும் கவலைப்பட வேண்டிய பொறுப்பு அன்று முதல் ஏற்பட்டது. டிகிரி காபிக்குப் பெயர்போன ஊரில் காபியை நிறுத்துவது என்பது ஊரைவிட்டுப் போவதற்குச் சமானம். எனவே என் மனைவி சிக்கரியைக் கூட்டினாள். நூறு பங்கில் இருபதாக இருந்தது முப்பதாயிற்று, முப்பது நாற்பதாயிற்று. காபிப் பொடி என்று சொல்லி விற்கிற கலவையில் 49 பங்கு வரையில் சிக்கரி இருக்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது என்பதை எந்தப் பாவி அவளுக்குச் சொன்னானோ தெரியாது. இப்போது நாங்கள் சட்டத்தின் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு குடிக்கிறோம். சென்ற மாதம் வந்திருந்த என் பழைய மேலதிகாரி, டவராவை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, "கலர் பிரமாதம்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

தேங்காயின் கதை இன்னும் பரிதாபம். 2018 நவம்பரில் அடித்த கஜா புயல், பட்டுக்கோட்டைப் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. மறுபடி நட்ட கன்றுகள் காய்க்க ஐந்தாறு வருஷம் பிடிக்கும். நின்ற மரங்களையோ வெள்ளை ஈ பற்றிக்கொண்டது. மரத்தோடு ஜீவனத்தையும் இழந்த அந்தக் குடியானவர்களை நினைக்கும்போது சட்னியைப் பற்றிப் புலம்புவது அழகல்ல. ஆனாலும், இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வருகிற அந்தப் பதார்த்தத்தில் பொட்டுக்கடலை தனிப் பெரும்பான்மை பெற்று, தேங்காய் எதிர்க்கட்சி அந்தஸ்துக்குக்கூட வழியில்லாமல் இருப்பதை நான் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனபோது எகிப்து தேசத்து வெங்காயம் கப்பலில் வந்தது. ஒவ்வொன்றும் சிறு தேங்காய் அளவு. நறுக்கினால் கண்ணில் நீர் வராது. விலையைக் கேட்டபோதே வேண்டிய மட்டும் வந்துவிட்டபடியால் அதை ஒரு குறையாக நாங்கள் பாராட்டவில்லை.

எங்கள் தாம்பத்தியத்துக்கு மெய்யான பரீட்சை மின்சாரத்தில்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் 2016 முதல் இனாம். 500 யூனிட் வரையில் சலுகை. 501-ஆவது யூனிட்டைத் தொட்டுவிட்டாலோ, அந்த ஒரு யூனிட்டோடு நில்லாமல், 101 முதல் 200 வரையில் எப்போதோ எரித்து முடித்துவிட்ட யூனிட்டுகளுக்கும் விலை ஏறக்குறைய இரட்டித்துவிடும். செய்து முடித்த கர்மங்களுக்குப் பின்னால் பலன் வந்து சேரும் என்ற சித்தாந்தத்தை எனக்கு ஐயந்திரிபற விளக்கியது இந்த விகிதப் பட்டியல்தான்.

சென்ற வைகாசியில், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து போன பிறகு, மீட்டருக்குப் பக்கத்தில் தொங்குகிற வெள்ளை அட்டையில் பழைய கணக்கைப் பார்த்துக் கழித்துவிட்டு, "இன்னும் பதினோரு யூனிட்தான்" என்று என் மனைவி அறிவித்தாள். கணக்கெடுப்பவர் வரவேண்டிய தேதி கடந்துவிட்டது, மனிதரைக் காணோம். அவர் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் எங்கள் தலையில்தான் விடியும். முதலில் மோட்டார் நின்றது. பின்பு மிக்ஸிக்குப் பதிலாக அம்மிக்கல் புனர்ஜன்மம் எடுத்தது. அப்புறம் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து அணைத்து, அதிலிருந்த தோசைமாவை ஒரே வேளையில் தோசைகளாக மாற்றி எனக்கு இட்டாள். கடைசியில் மின்விசிறியும் நின்று, நான் திண்ணைக்கு வந்து, பனையோலை விசிறியும் கையுமாக உட்கார்ந்தேன். உள்ளே அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜுரக்காரன் தலைமாட்டில் நிற்கிற வைத்தியரின் முகபாவத்தோடு, மீட்டரைப் பார்த்தபடி நின்றாள். 498-ல் இருக்கும்போது மனிதர் வந்து சேர்ந்தார்.

"என்ன சார், கரண்ட் இல்லையா?"

"இருக்கிறது. அதைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோம்" என்றேன்.

இந்த உபாயங்களெல்லாம் செலவு பக்கத்துச் சமாசாரங்கள். வரவு பக்கத்தில் ஏதாவது வழி உண்டா என்று நான் ஓய்வூதிய விதிகளைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான், 80 வயது பூர்த்தியானவர்களுக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்ற ஷரத்து கண்ணில் பட்டது. மத்திய சர்க்கார் விதிகளிலோ இது 85, 90, 95 என்று படிப்படியாக ஏறி, 100 வயதில் முழுதாக இரட்டித்துவிடுகிறது. தொழிலாளிகளுடைய சராசரியை நம்பாமல், யாருடைய தயவுமில்லாமல், உயிரோடிருப்பது என்ற ஒரே முயற்சியினால் விலைவாசியை ஜயிப்பதற்கு இப்படி ஒரு மார்க்கம் இருப்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லையே! அன்று முதல் என் மனைவி என்னை மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்க அனுப்புகிறாள். முன்பெல்லாம் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்லும்போது எண்ணெய் விலைதான் காரணமாக இருக்கும். இப்போது நீண்டகால முதலீடும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் தகப்பனாருக்கு ஒரு வந்தனம் செலுத்த வேண்டும். 1959-ஆம் வருஷம் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனவர், தலைக்கு மேலாக வலது கையை வளைத்து இடது காதைத் தொடச் சொன்னதும் நான் எட்டித் தொட்டுவிட்ட சந்தோஷத்தில், நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அதனால் 2012-ல், 58 வயது ஆகிவிட்டதென்று ஒரு வருஷம் முந்தியே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷச் சம்பளம் போயிற்றே என்று அந்தப் புண்ணியாத்மாவை வெகு காலம் மனத்துக்குள் கடிந்துகொண்டிருந்தேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால், எண்பதும் எனக்கு ஒரு வருஷம் முந்தியே வருகிறது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்காக வயதைக் கூட்டிப் போட்ட பிள்ளைகள் இன்னும் பலபேர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தங்கள் ஓய்வூதிய ஆணையை எடுத்து, அதில் பிறந்த தேதி சரியாக, அதாவது தவறாக, பதிவாகியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.