கதையை ஸ்பாட்டில் பார்த்துக்கலாம்!

குறும்படம் எடுக்கப் பழவேற்காடு ஏரிக்குப் போனபோது என்னிடம் எல்லாமே இருந்தது. வாடகைக் கேமரா, கிம்பல், கூலிங் கிளாஸ். கதையை மட்டும் ஸ்பாட்டில் பார்த்துக்கலாம் என்றிருந்தேன். ஸ்பாட்டும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' என் அலமாரியில் இருக்கிறது. புத்தகத்தை வாங்கினாலே பாதி எழுதியாச்சு என்று நம்புகிற ரகம் நான். உங்களில் பலரும் அதே ரகம்தான், மழுப்பாதீர்கள்.

பூநாரைக் கூட்டம் ஜிவ்வென்று பறக்க, மேலே டைட்டில் கார்டு. இதுதான் ஓப்பனிங். அவை கூட்டமாக ஏரிக்கு வருவது குளிர்காலத்தில். நாங்கள் போனது கத்திரி வெயிலில். பறந்தது என் தொப்பி மட்டும்.

"ஐயா, அந்தப் பக்கம் வலை கட்டுங்களேன், லைட் சூப்பரா இருக்கு" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "இன்னிக்கு அங்க எங்க முறை இல்ல தம்பி" என்றார். இறாலுக்கு யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' முறைப்படி முன்கூட்டியே பேசி முடித்துவிடுகிறார்கள். தலைமுறைகளாக நடக்கிற ஏற்பாடு. அந்த ஏரியில் ஷெட்யூல் இல்லாமல் திரிந்த ஒரே ஆள் டைரக்டர்தான்.

"சரி, கதை இன்னா?" என்றார் பெரியவர். "மீனவர் வாழ்க்கைங்க." "அது எங்களுக்கே தெரியும். கதை இன்னா?" என் அசிஸ்டென்ட்டும் ஆவலாக என் முகத்தைப் பார்த்தான்.

படகில் உட்கார்ந்த நடிகர், "நான் எதுக்கு சார் அழறேன்?" என்றார். "எடிட்டிங்ல புரியும்" என்றேன். எடிட்டிங்கில் எடிட்டர் அழுதார்.

1965-ல் வந்த 'செம்மீன்' கடலைக் காட்டியே ஜெயித்த படம் என்று டீக்கடையில் அடித்துப் பேசியவன் நான். அதற்குப் பின்னால் தகழியின் நாவல் இருந்தது. அதைத் திரைக்கதையாக்க எஸ்.எல்.புரம் சதானந்தன் என்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். என் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது கேமரா வாடகைக்குக் கொடுத்தவர்.

படத்தை வீட்டில் போட்டுக் காட்டினேன். "ஏரி நல்லா நடிச்சிருக்கு" என்றாள் மனைவி.

கதை இல்லாமல் கேமரா மட்டும் வைத்திருப்பவர்களே, பழவேற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள். நல்ல நண்டாக வாங்கிச் சாப்பிடுங்கள். கேமரா வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு குயர் பேப்பரின் விலை, அதன் அரைநாள் வாடகையைவிடக் குறைவு.