மூணாவது வரிசை சார்

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில், எலெக்ட்ரிக்கலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, பிஎச்.டி. வைவா நடக்கிற நாளில் எக்ஸ்டர்னலைக் கண்டு யாரும் நடுங்குவதில்லை. அவர் ஆய்வேட்டைப் படித்து, பட்டம் தரலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டவர். அவருடைய ரிப்போர்ட்டும் இன்னொரு எக்ஸாமினரின் ரிப்போர்ட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் வைவாவுக்குத் தேதியே குறிப்பார்கள். நிச்சயதார்த்தம் முடிந்து பத்திரிகையும் அடித்தாகிவிட்ட கல்யாணம் மாதிரி. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்வதற்காக யாரும் ரயிலேறி வருவதில்லை. ஸ்காலரின் கண்ணும் கைடின் கண்ணும் தேடுவது வேறொருவரை. செமினார் ஹாலில் மூணாவது வரிசை, ஓரத்து நாற்காலி. சார் வந்துவிட்டாரா?

வந்திருப்பார். பொது வைவா என்பதால் 'அனைவரும் வருக' என்று நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். அதைப் படித்துவிட்டு, நிஜமாகவே வருகிற ஒரே ஆள் அவர்தான். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, மடித்த பழைய கொஸ்டின் பேப்பரின் பின்பக்கம் குறிப்பெடுக்க. சார் எந்தத் துறை என்று கேட்டால் எலெக்ட்ரிக்கல்காரர்கள் கம்ப்யூட்டர் என்பார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் எலெக்ட்ரிக்கல் என்பார்கள். அவருக்கு பிஎச்.டி. உண்டா என்று யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவில் அவர் போடுகிற கையெழுத்தில் 'டாக்டர்' இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

இத்தனைக்கும் கைடு சும்மா இருந்துவிடவில்லை. பார்வையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கும் ஸ்காலர் திருப்தியாகப் பதில் சொன்னார் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டுமே. அதற்காக முதல் நாளே ஜூனியர் ஸ்காலர்களுக்குக் கேள்விச் சீட்டுகள் விநியோகமாகியிருக்கும். முதல் வருடப் பெண் எழுந்து, மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஸ்காலர் மேற்கூரையைப் பார்த்து இரண்டு விநாடி யோசிப்பார். "வெரி குட் கொஸ்டின்" என்பார். பதில் ஸ்லைடு, 'நன்றி' ஸ்லைடுக்குப் பின்னால் தயாராகக் காத்திருக்கும். கேள்வி கேட்டவளுக்கும் அது தெரியும், எக்ஸ்டர்னலுக்கும் தெரியும். அவரும் தம் ஊரில் சீட்டு கொடுக்கிற கைடுதானே.

சீட்டுகள் தீர்ந்ததும் கன்வீனர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "எனி அதர் கொஸ்டின்?" என்று அவசரமாகக் கேட்டு, அதே மூச்சில் முடிக்கப் பார்ப்பார். அதற்குள் நாற்காலி கிறீச்சிடும்.

"ஒரு சின்ன டவுட்."

சின்ன டவுட்டின் முதல் பாதி சுயசரிதை. "எங்க காலத்துல லோடு ஃப்ளோ போடணும்னா, கார்டு பஞ்ச் பண்ணிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவோம். மறுநாள் வந்து பார்த்தா, ஒரு கமா விட்டுப்போச்சுன்னு ரெண்டு முழம் பேப்பர் வந்திருக்கும்." முன்வரிசையில் பட்டுப்புடவையில் இருக்கிற ஸ்காலரின் மனைவி, பொன்னாடைப் பையை மடிமாற்றிக்கொள்வார்.

அதற்குப் பிறகுதான் கேள்வி. கைவசம் சில நிரந்தரக் கேள்விகள் உண்டு. ஏன் மேட்லேப்? ஒய்-ஆக்ஸிஸில் யூனிட் எங்கே? ஹார்டுவேரில் போட்டுப் பார்த்தாயா? கடைசிக் கேள்விக்கு எந்த ஹாலிலும் ஒரு மௌனம் உண்டு. ஆனால் சாரின் மேதைமை முழுதாக வெளிப்படுவது, விலங்குகளைப் பார்த்து உருவாக்கிய கணினித் தேடல் முறைகள் விஷயத்தில்.

1992-இல் மிலானில் மார்க்கோ டொரிகோ தன் பிஎச்.டி. ஆய்வேட்டில் எறும்புகளை இறக்கிவிட்டார். 1995-இல் பறவைக் கூட்டம் வந்தது. 2009-இல் குயில், 2010-இல் வௌவால், 2014-இல் சாம்பல் ஓநாய், 2016-இல் திமிங்கிலம். ஒவ்வொன்றும் சில வருடங்களில் நம் செமினார் ஹால்களை எட்டிவிடும், 'மேம்படுத்தப்பட்ட' என்ற அடைமொழியோடு. மூணாவது வரிசையில் உட்கார்ந்தபடியே இந்த மிருகக்காட்சி சாலை முழுவதையும் பார்த்தவர் சார்.

"தம்பி, உங்க ஓநாய் நல்லா ஓடுது. சந்தோஷம். குயில் என்ன தப்பு பண்ணிச்சு?"

"சார்?"

"போன வருஷம் இதே ஹால்ல குயில்தான் பெஸ்ட்னு ஒருத்தர் டாக்டர் ஆனாரே. அவர்கிட்ட பட்டத்தைத் திருப்பி வாங்கிடலாமா?"

ஹால் சிரிக்கும். கைடு சிரிக்கமாட்டார், குயிலுக்கும் அவர்தான் கைடு. விஷயம் என்னவென்றால், சார் கேட்டது சரியான கேள்வி. எல்லாவிதக் கணக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்தத் தேடல் முறையும் இன்னொன்றைவிட உசத்தி இல்லை என்று வோல்பர்ட்டும் மக்ரெடியும் 1997-இல் நிரூபித்துவிட்டார்கள். ஆகவே, உன் ஓநாய் இந்தக் கணக்குக்கு மட்டும் ஏன் பொருந்துகிறது என்று சொல்லியாக வேண்டும். 'இலவசச் சாப்பாடு கிடையாது' என்பது அந்தத் தேற்றத்தின் பெயர். சார் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அவருடைய அனுபவமும் நேர்மாறானது: ஸ்வீட், சமோசா, கேக் வைத்த அட்டைப் பெட்டி அவருக்கு எந்த வைவாவிலும் தவறியதில்லை.

"எந்த சிஸ்டத்துல டெஸ்ட் பண்ணீங்க?"

"ஐ-ட்ரிபிள்-ஈ தர்ட்டி பஸ், சார்."

மாப்பிள்ளை எலெக்ட்ரிக் பஸ்ஸில் ஏதோ கண்டுபிடித்திருக்கிறார் என்று மாமியார் அந்த விநாடி முடிவு செய்துகொள்வார். அந்த முப்பது பஸ் என்பது 1961 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இருந்த மின்வலையில் ஒரு துண்டு. சார் கை கட்டிக்கொள்வார். "அந்த ஊர்ல கரண்ட் ஒழுங்காத்தான் இருக்காம். நாமதான் அறுபது வருஷமா அதையே ரிப்பேர் பண்றோம். நம்ம ஃபீடர் ஒண்ணு எடுத்திருக்கலாமே?"

கம்ப்யூட்டர் பக்கமும் தப்ப முடியாது. கையெழுத்து எண்களை 99 சதவீதத்துக்கு மேல் சரியாகப் படிக்கிற நெட்வொர்க் என்று ஒரு பெண் பெருமையாகச் சொல்லி முடித்தார். பயிற்சிக்கு 60,000, சோதனைக்கு 10,000 படங்கள். எல்லாம் அமெரிக்க சென்சஸ் ஊழியர்களும் பள்ளி மாணவர்களும் எழுதிய எண்கள். சார் கொஸ்டின் பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு ஏழு போட்டார், நடுவில் தபால் ஆபீஸ் பாணியில் ஒரு கோடு இழுத்தார், மேடைக்கே கொண்டுபோய் நீட்டினார். "ஏம்மா, இதை என்னன்னு சொல்லும்?" அந்தப் பெண் கைடைப் பார்த்தார். கைடு எக்ஸ்டர்னலைப் பார்த்தார். எக்ஸ்டர்னல், அன்றைக்கு முதல் தடவையாக, ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான். ஆனால் மரியாதையை நிலைக்க விடுகிற ஆளில்லை அவர். அடுத்த மூச்சில், "ஏன் மேட்லேப்?" என்றார். அந்தப் பெண் பைத்தானில் செய்திருந்தார்.

2020-இல் ஊரடங்கு வந்து வைவா எல்லாம் ஆன்லைனுக்கு மாறியபோது, கைடுகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். லிங்க் எப்படியோ சாருக்கும் போனது. திரையில் அவருடைய நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. கன்வீனர் கேள்வி கேட்கச் சொன்னதும், சார் கை நீட்டி, விரல் மடக்கி, மிக விரிவாகப் பேசினார். மைக் மியூட்டில் இருந்தது. யாரும் சொல்லவில்லை. அவர் பேசி முடிக்கிற வரை ஸ்காலர் பணிவோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"வெரி குட் கொஸ்டின் சார். அதை ஃபியூச்சர் வொர்க்ல சேர்த்திருக்கோம்."

சார் திருப்தியாகத் தலையசைத்தார்.